வியாழனுக்கு அடுத்தது வெள்ளி

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் குறைவாகப் பேசுவார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தப்பு. எல்லோரும் பேசுகிற அளவுதான் நாங்களும் பேசுகிறோம். மற்றவர்கள் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்கள். நாங்கள் சேர்த்து வைத்திருந்து, எந்த இடத்தில் வாயே திறக்கக் கூடாதோ அந்த இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறோம்.

நான் அப்படிக் கொட்டிய இடம், நான் பெண் பார்க்கப் போன வீடு. கொட்டிய விஷயம், வெள்ளி கிரகம் எப்படிப் பிறந்தது என்பது. (சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.)

அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு சிம்மக்கல்லில் ஒரு பழைய பேப்பர் மண்டியில் வேலைக்கு இருந்தேன். மதுரையில் படித்து முடித்த செய்தித்தாள், வாரப் பத்திரிகை, பரீட்சை முடிந்த பாடப் புத்தகம் எல்லாம் அங்கே வந்து சேரும். எடை போட்டு, கட்டு கட்டி, மளிகைக் கடைக்கும் பட்டாணிக் கடைக்கும் அனுப்புவோம். கட்டு கட்டுகிற நேரத்தில் நான் படிப்பேன். என் அறிவு முழுக்க அப்படி வந்ததுதான். அதனால் எல்லாமே பாதி. கொலைகாரன் யார் என்று கடைசி வரை தெரியாத துப்பறியும் கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். மைசூர்பாகு கிண்ட ஆரம்பித்து, 'பாகு பதம் வந்தவுடன்' என்ற இடத்தில் நின்றுபோன சமையல் குறிப்பும் படித்திருக்கிறேன். அந்தப் பாகு இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது.

என் கூச்சத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. டவுன் பஸ்ஸில் வரும்போது "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டுமே என்று, வேறு யாராவது எந்த ஸ்டாப்பில் இறங்குகிறார்களோ அதே ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடப்பேன். சில நாள் முன்னாலிருந்து நடப்பேன், சில நாள் பின்னாலிருந்து.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்த்தார் சீனி மாமா. அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம். முதலில் பார்த்த வீட்டில், "பையன் ஊமையோ?" என்று கேட்டு அனுப்பினார்கள். இரண்டாவது வீட்டில், "பையனுக்கு ரொம்பத் திமிரு. கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல" என்றார்கள். ஒரே மௌனத்துக்கு இரண்டு பட்டம்.

மூன்றாவது இடம் அலங்காநல்லூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். (பெயரைச் சொன்னால் என் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடையாது.) பெண்ணின் போட்டோவை மாமா கொண்டு வந்தார். ஸ்டுடியோவில் பூந்தொட்டிப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படம்தான். ஆனால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பற்கள் தெரிய, நன்றாக. போட்டோ எடுத்தவர் ஏதோ உளறியிருக்க வேண்டும். ஸ்டுடியோ படத்தில் சிரிக்கிற பெண்ணை அதுவரை நான் பார்த்ததே இல்லை. மாமா போட்டோவைத் திருப்பிக் கேட்டபோது, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்று சொன்னேன். சட்டைப் பையில் இருந்தது.

"இந்தா பாரு கதிரேசா" என்றார் மாமா. "ஆடி பொறக்கப் போகுது. அதுக்குள்ள பேசி முடிக்கணும். இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி உனக்காக நான் ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டேன். அங்க வந்து பொம்மை கணக்கா உக்காந்திராத. என்னத்தையாச்சும் பேசு."

"என்னத்த மாமா பேச?"

"உனக்குத் தெரிஞ்சத பேசுடா!"

எனக்குத் தெரிந்தது என்ன? அந்த வாரம் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

மண்டியில் ஏதோ ஒரு பத்திரிகையின் நடுத்தாள் கிடைத்திருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரின் கொள்கையைப் பற்றிய கட்டுரை. (பெயர் முதல் பக்கத்தில் இருந்திருக்கும். என்னிடம் முதல் பக்கம் இல்லை.) ஆதி காலத்தில் வெள்ளி என்ற கிரகமே வானத்தில் கிடையாதாம். வியாழனின் உடம்பைப் பிய்த்துக்கொண்டு அது வெளியே வந்ததாம். வந்தது சும்மா இருக்கவில்லை. பெரிய வால் நட்சத்திரமாகத் தறிகெட்டுச் சுற்றி, சில ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் பூமியை உரசுகிற மாதிரி வந்ததாம். பூமி சுற்றுவது தடுமாறிப்போனதாம். நெருப்பு மழை, எண்ணெய் மழை, கல் மழை. வானத்திலிருந்து மாவு போல ஏதோ உதிர்ந்து, மிச்சம் இருந்த சனங்கள் அதைத் தின்று பிழைத்தார்களாம். ஈக்கள்கூட அங்கிருந்து வந்திருக்கலாமாம். பல தேசத்துப் பழங்கதைகளிலும் இதற்குச் சாட்சி இருக்கிறதாம். அப்புறம் செவ்வாயோடு ஒரு மோதல். அதற்குப் பிறகுதான் வெள்ளி புத்தி வந்து இப்போது இருக்கிற இடத்தில் அடங்கியதாம்.

தாளின் கடைசி வரி இப்படி இருந்தது: 'இனி ஒருமுறை வெள்ளி பூமியை நெருங்கினால்'. அவ்வளவுதான். அதற்குமேல் தாள் கிழிந்திருந்தது. மீதி யார் வீட்டுச் சீரகத்தைச் சுற்றிக்கொண்டு போனதோ.

நான் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினேன். அச்சில் வந்ததை நம்பாமல் இருக்க எனக்குத் தெரியாது. தவிர, வானத்தில் அத்தனை சாந்தமாக மின்னுகிற ஒன்று ஒரு காலத்தில் இத்தனை அட்டகாசம் செய்திருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அமைதியாக இருக்கிறவர்களைப் பற்றி யாரும் அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது, பாருங்கள்.

நாங்கள் போன நாள் வெள்ளிக்கிழமை. அது எந்த வாரம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரன் விட்ட ஸ்கைலாப் என்ற விண்வெளிக் கூடம் உடைந்து எங்கே விழும், எப்போது விழும் என்று உலகமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வாரம். ரேடியோவில் தினமும் ஒரு சேதி. பஸ்ஸில் எங்கள் முன் சீட்டில் இருந்தவர், "செத்துப் போறதுக்கு முன்ன இருக்கிற ஆட்டுக்குட்டிய அடிச்சுத் தின்னுற வேண்டியதுதேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். கேவலம் ஒரு இரும்புக் கூண்டு! நான் ஒரு கிரகமே வந்து உரசிப் போன சேதியை வைத்திருக்கிறேன்.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. பெண்ணின் அப்பா பெரியகருப்பன், வெள்ளை மீசைக்காரர். அந்த ஊர்க் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர். ஊரே செவ்வாய் வெள்ளிகளில் கவிச்சி தொடாது என்றும், அதைக் கண்டிப்பாகக் கவனித்துக்கொள்வது அவர்தான் என்றும் மாமா வழியில் சொல்லியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா ராக்கம்மா, பெண்ணின் அத்தை. அந்த வீட்டில் எந்தச் சம்பந்தமும் அந்த அம்மாள் தலையாட்டாமல் முடியாதாம். எங்களோடு வந்திருந்த என் அம்மா பெண்ணோடு பேச உள்ளே போய்விட்டாள். அதுதான் முதல் தவறு. அம்மா இருந்திருந்தால் என் முழங்காலைக் கிள்ளியிருப்பாள்.

பெண் வந்தாள். பெயர் பேச்சியம்மாள். காபித் தம்ளரை என்னிடம் நீட்டினாள். நான் தம்ளரை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருந்த வட்டகையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. அதை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். இந்தப் பெண் எனக்குக் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

"என்னப்பா, தம்பி வாயவே தொறக்கல?" என்றாள் ராக்கம்மா அத்தை. "பேச்சு வருமா, இல்ல வீட்டுல வச்சுட்டு வந்துட்டாரா?"

மாமாவின் கால் என் காலை மிதித்தது.

பெரியகருப்பன் இரக்கப்பட்டு வேறு பேச்சுக்குப் போனார். "நம்ம பொண்ணு சாதகத்துல சுக்கிரன் உச்சத்துல இருக்காரு. வாக்கப்பட்டுப் போற வீட்டுல வெள்ளி தங்கும்னு சோசியரு அடிச்சுச் சொன்னாரு."

சுக்கிரன். வெள்ளி. இரண்டு வார்த்தையும் ஒரே வாக்கியத்தில். என் தொண்டையில் வைகை அணையின் மதகு திறந்தது.

"வெள்ளி முன்ன கிடையவே கிடையாதுங்க" என்றேன்.

ராக்கம்மா அத்தையின் முகம் சுருங்கியது. "எங்க கிடையாது? எங்க வீட்டுலயா? குத்துவிளக்கே வெள்ளியில வச்சிருக்கோம் தம்பி!"

"அது இல்லீங்க. வானத்துல. வெள்ளி வந்தது வியாழன்ல இருந்துதாங்க."

பெரியகருப்பன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பெரிய மனிதர், விருந்தாளியின் மனம் கோணக் கூடாதே.

"ஆமா தம்பி" என்றார். "வியாழனுக்கு அடுத்தது வெள்ளிதான். எங்க ஊருலயும் அப்படித்தேன் வரும்."

"கிழமை இல்லீங்க, கெரகம்! குரு, குரு இருக்காருல்ல, அவரு வயித்தப் பிச்சுக்கிட்டுத்தான் சுக்கிரன் வெளிய வந்தாரு."

"குரு ஆம்பளையில்ல?" என்றாள் அத்தை.

"ஆமாங்க."

"அப்ப ஆத்தா யாரு?"

அந்தத் தாளில் ஆத்தாவைப் பற்றி ஒன்றும் இல்லை. சீனி மாமாவுக்கு இருமல் வந்தது. அந்த இருமல், பேச்சை நிறுத்து என்று அர்த்தம். சாதாரண நாளில் எனக்கு அது புரியும். அன்றைக்கு நான் சாதாரணமாக இல்லை. பல வருடம் பேசாமல் சேர்த்து வைத்தது வெளியே வந்துகொண்டிருந்தது. வால் முளைத்ததைச் சொன்னேன். பூமி தடுமாறியதைக் கையைச் சுற்றிக் காட்டினேன், காபி கவிழ்ந்தது. நெருப்பு மழையைச் சொன்னேன். ஈக்கள் அங்கிருந்து வந்திருக்கலாம் என்றபோது, லட்டுத் தட்டின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு ஈயை அத்தை ஒரு மாதிரியாகப் பார்த்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வானத்துல இருந்து மாவா கொட்டிச்சு. அதத்தான் தின்னு உசுரோட இருந்தாங்க."

"கேப்ப மாவா, அரிசி மாவா?" இது பெரியகருப்பன். விவசாயி, சந்தேகம் வருவது நியாயம்தான்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் பாலுவும் இருந்தான். பெண்ணுக்குப் பெரியப்பா மகன். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கோயில் பொங்கலுக்குக் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயை, ஊர் கூடுகிற மந்தையில் இருந்த வேப்பமரத்திலிருந்து இன்னும் அவிழ்க்காமல் வைத்திருந்தான். அவன் வந்து நின்றது நான் நெருப்பு மழையில் இருந்தபோது. வியாழனும் குருவும் அவன் காதில் விழவே இல்லை.

நான் கடைசி வரிக்கு வந்துவிட்டேன். குரலை உயர்த்தி, விரலை மேலே நீட்டி, தாளில் இருந்தபடியே சொன்னேன்: "இனி ஒருதடவ வெள்ளி பூமிய நெருங்குச்சுன்னா..."

"நெருங்குச்சுன்னா?" என்றார் பெரியகருப்பன், நாற்காலி நுனிக்கு வந்து.

"தெரியலீங்க. அதுக்கு மேல கிழிஞ்சிருச்சு."

நான் சொன்னது தாளை. என் விரல் காட்டியது வானத்தை.

திரும்பிப் பார்த்தால் வாசலில் பாலு இல்லை. பேசி முடித்த பெருமையில் எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டமே வாயைப் பிளந்து நான் சொன்னதைக் கேட்டிருக்கிறது! மாமா நெற்றியில் கை வைத்திருந்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போது வேப்பமரத்துக் குழாய் கொரகொரத்தது.

"அலோ, அலோ... ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு. மதுரையிலிருந்து நம்ம பெரியகருப்பன் சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை அவர்கள் சேதி கொண்டு வந்திருக்கிறார்கள். ஸ்கைலாப்பு இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, பூமியை நெருங்குகிறது. நெருப்பு மழை பெய்யும். வானம் ஏற்கனவே மேலே கிழிந்துவிட்டது. யாரும் பயப்பட வேண்டாம். அலோ..."

யாரும் பயப்பட வேண்டாம் என்பதை அவன் கோயில் அறிவிப்புப் பழக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை வாசலில் நின்று பார்த்தேன். மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஒருத்தி ஆட்டுரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கிழவர் மட்டும், "விழுந்தா எந்தப் பக்கமா விழும்? என் கரும்புப் பக்கம்னா ஈட்டுத்தொக வருமா?" என்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். எங்களை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டிய பஸ் வந்து நின்றது. குழாயைக் கேட்டது. வந்த வழியே, ஒருத்தரையும் ஏற்றாமல் திரும்பிப் போனது.

அப்புறம் கோழிகளின் சத்தம் வந்தது.

முதலில் ஒரு வீட்டில். அடுத்தாற்போல் எதிர் வீட்டில். பிறகு ஊர் முழுக்க. சாகப்போகிறோம் என்று தெரிந்தவுடன் அந்த ஊருக்கு வந்த முதல் எண்ணம், வளர்த்த கோழியை வீணாக விடக் கூடாது என்பதுதான்.

"ஏய், இன்னைக்கு வெள்ளிடீ!" என்று ஒரு குரல்.

"அட போங்கத்தா, உசுரே போகப் போகுது. இனி என்ன வெள்ளி, என்ன செவ்வா!" என்று இன்னொரு குரல்.

பெரியகருப்பன் துண்டை உதறிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். "அடேய் நிறுத்துங்கடா, வெள்ளிக்கெழம கவுச்சியாடா?" என்று கத்தினார். யார் கேட்கிறார்கள்? எந்தச் சந்துக்குள் போனாலும் மசாலா வாசனை. அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஊர், அரை மணி நேரத்தில் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

சீனி மாமா என் சட்டையைப் பிடித்தார். "போடா! போயி நீயே மைக்குல சொல்லு, நான் சொன்னது வேறன்னு!"

என்னை மந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். பாலு மரியாதையாக எழுந்து மைக்கை என் வாயருகே பிடித்தான். "வாங்க மாப்ள. உங்க வாயாலயே சொல்லிருங்க."

இத்தனை நேரம் பாய்ந்த வெள்ளம் அந்த மைக்கைப் பார்த்ததும் வற்றிப்போனது. சேர்த்து வைத்தது தீர்ந்துவிட்டது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயற்சி செய்தேன். "உஸ்..." மூச்சு வாங்கியது. "உஸ்ஸ்ஸ்..."

அந்த 'உஸ்ஸ்ஸ்' குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது.

"அய்யய்யோ, சத்தம் கேக்குது! எறங்குதுடீ!" என்று ஒரு பெண் அலறினாள். அதுவரை வெள்ளிக்கிழமை விரதத்தை விடாமல் காத்துக்கொண்டிருந்த நாலைந்து வீடுகளும் அத்தோடு விழுந்தன. ஊரின் கடைசிக் கோழிகள் உயிரைவிட்டது என்னுடைய மூச்சுக் காற்றினால்தான்.

மைக்கை யாரோ என் முன்னாலிருந்து பிடுங்கினார்கள். பேச்சியம்மாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முழங்கை வரை வளையல். பெண் பார்க்க வந்த அன்று பெண் வீட்டை விட்டு வெளியே வருவதே குற்றம். இவள் மந்தையில் நின்று மைக் பிடித்தாள்.

"ஏய், எல்லாரும் கேளுங்க. நான் பேச்சி பேசுறேன். ஒண்ணும் விழுகல. அந்த சத்தம் இவரு மூச்சு விட்டது. இவரு சொன்னது வெள்ளிக்கெழமைய இல்ல, விடியக்காலம் தெரியுற வெள்ளிய. அதுவும் நேத்து முந்தாநாள் கதையில்ல, நம்ம பாட்டன் பூட்டனுக்கு முன்னாடி நடந்த கதை. கதவுக்குப் பின்னால நின்னு அம்புட்டையும் நான் கேட்டேன். மாட்டப் பிடிச்சுக் கட்டுங்க. அடுப்ப அணைங்க!"

குழாய் நின்றது. பிறகு எங்கேயோ ஒரு சந்திலிருந்து பதில் வந்தது: "அணைக்க முடியாது பேச்சி, வெந்திருச்சு."

நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பெரியகருப்பன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் நின்றார்கள். எல்லோர் மேலும் குழம்பு வாசனை. எல்லோர் முகத்திலும் திருட்டு முழி. அதை மறைக்க எல்லோரும் என்னை முறைத்தார்கள்.

"இந்த ஆளாலதான் ஊரு தெய்வக் குத்தத்துக்கு ஆளாச்சு" என்றார் ஈட்டுத்தொகை கேட்ட கிழவர்.

"இவரப் பேசச் சொன்னது யாரு?" என்றார் இன்னொருத்தர். மாமா தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

பெரியகருப்பன் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தார். "கோவிச்சுக்கிறாதீக. இது சரிப்பட்டு வராது. காலையில மொத பஸ்ஸுக்கு ஏத்தி விட்டுர்றேன்."

அவ்வளவுதான். முடிந்தது. சட்டைப் பையில் போட்டோ இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஏதாவது பேச வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"உஸ்..."

கதவுக்குப் பின்னால் பேச்சி சிரித்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், போட்டோ ஸ்டுடியோவில் சிரித்திருப்பாளே, அந்தச் சிரிப்பு.

அப்போதுதான் ராக்கம்மா அத்தை சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெரியகருப்பன் அவளையே பார்த்தார்.

"அக்கா, நீயுமா?"

"என்ன நீயுமா? அந்த 'உஸ்'ஸுனு சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக்காரி ஒரு கிண்ணம் நீட்டுனா. கடைசிக் கிண்ணம்னு வாங்கித் தின்னேன்." அத்தை கொஞ்சமும் அசரவில்லை. நடுக்கூடத்தில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "தம்பி, நல்லா யோசிச்சுப் பாரு. இந்தப் பையன இப்ப வெரட்டிவிட்டா என்ன ஆகும்? எவனோ அசலூர்க்காரன் பேச்சக் கேட்டு ஊரே வெள்ளிக்கெழம கறி தின்னுச்சுன்னு சுத்துப்பட்டெல்லாம் சிரிக்கும். சாமிக்கும் குத்தம். இதே பையன் நம்ம வீட்டு மாப்பிள்ளைன்னு வையி, அப்ப என்ன? மாப்பிள்ள வந்தாரு, விருந்து வச்சோம். கெழம தப்பிப்போச்சு. அதுக்கு ஒரு பொங்கல வச்சுச் சாமிகிட்ட மன்னாப்புக் கேட்டுக்கலாம். அசலூரான் பண்ணுனாத்தான் குத்தம். மாப்பிள்ள பண்ணுனா அது கேலி."

வாசலில் நின்ற முகங்களில் வெளிச்சம் வந்தது. ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு குற்றம் வெந்துகொண்டிருந்தது. அத்தை அதை விருந்தாக மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

"ஆமாப்பா, மாப்பிள்ளைக்குத்தான் கோழி அடிச்சோம்" என்றார் கிழவர் உடனே. "நான்கூட மாப்பிள்ள முகத்துக்காகத்தேன் சேவல அடிச்சேன்."

பெரியகருப்பன் வெகுநேரம் மீசையைத் தடவினார். ஊர் தன் கையை விட்டுப் போனதற்கு அவருக்கும் ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. கடைசியில் உள்ளே பார்த்து, "பேச்சி, நீ என்னத்தா சொல்ற?" என்றார்.

"பேசத் தெரியாதவருன்னு சொன்னாக" என்றது கதவு. "இம்புட்டுப் பேசுறாரு. எனக்குச் சம்மதந்தேன்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே ஸ்கைலாப், அந்த வெள்ளி கழிந்த அடுத்த வாரத்தில், ஆஸ்திரேலியாப் பக்கம் விழுந்துவிட்டது. (எங்கள் ஊரில் விழாததற்கு ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.) கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை, "மாப்பிள்ள, வெள்ளி எப்ப வருது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மைக்செட் பாலுவுடையதுதான். தாலி கட்டுகிற நேரத்தில் அவன் குழாயில் "உஸ்ஸ்ஸ்" என்று விட்டான். கூட்டத்தில் பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள்.

பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் அந்தக் கட்டுரையை முழுதாகப் பார்த்தேன். தாள் கிழிந்த இடத்திலிருந்து மறுபக்கம் வரை நின்றுகொண்டே படித்தேன். 'இனி ஒருமுறை வெள்ளி பூமியை நெருங்கினால் என்ன ஆகும் என்று வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை' என்று அந்த வரி முடிந்தது. இந்தக் கொள்கையை வானவியல் அறிஞர்கள் ஏற்கவில்லை என்றும், வியாழனிலிருந்து ஒரு கிரகம் அப்படி வெளியே வருவதற்கு வழியே இல்லை என்றும், பழங்கதைகளை நம்பி வானத்தின் பாதையைத் திருத்த முடியாது என்றும் ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம் சொன்னேன். "அம்புட்டும் பொய்யாம் பேச்சி. மறுபாதியில தெளிவாப் போட்டிருக்கான்."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நல்ல வேளை, அன்னைக்கு அது கிழிஞ்சு போச்சு" என்றாள். "முழுசும் படிச்சிருந்தீகன்னா நீங்க எங்க வீட்டுல வந்து வாயே தொறந்திருக்க மாட்டீக."

எங்கள் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நான் எதையாவது ரொம்ப உறுதியாகச் சொன்னால், "அப்பா, இது முழுத்தாளா, கிழிஞ்ச தாளா?" என்பார்கள்.

போன மாதம் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். பெரியகருப்பன் மாமா இப்போது இல்லை. ராக்கம்மா அத்தை இருக்கிறாள், காது மட்டும் மந்தம். பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கவனிக்கவில்லை, அன்று வெள்ளிக்கிழமை. டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து வணக்கம் சொன்னார். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஏத்தா, மாப்பிள்ள வந்துட்டாக. கோழியப் பிடிச்சுக் கூண்டுக்குள்ள அடை!"